ஆபிரகாமின் வலது கால்

கோரமண்டல் ஸ்டேஷனைத் தாண்டினால் வரும், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய லைன் வீடுகளில் ஆபிரகாமைப் பற்றி யாரைக் கேட்டாலும், "அவரா? ஹாரன் அடிக்கறதுன்னாலும் ஒரு ஜெபம் பண்ணிட்டுத்தான் அடிப்பாரு" என்பார்கள். கேலிதான். ஆனால் கேலி பேசுகிற அதே வாய்தான், வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி யாரையாவது கோலார் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டி வந்தால், "ஆபிரகாமண்ணன் வண்டியில போயிடு, வயிறு குலுங்காது" என்றும் சொல்லும். வண்டி ஓட்டுவதில் அவருக்கு இருந்த பெயர் அப்படி. அவர் பிரேக் போட்டால் பின்னால் அடுக்கிய மூட்டைக்கே தெரியாது.

சொந்தமாக ஒரு பிக்கப் லாரி வைத்திருந்தார். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தீவனக் கடைக்குக் கோலாரிலிருந்து தவிட்டு மூட்டையும் புண்ணாக்கு மூட்டையும் ஏற்றிவருவது அவருடைய வேலை. சாயங்காலத்தில் பஜார் தெருவில் கூட்டம் அதிகம், லோடு இறக்க விடமாட்டார்கள். அதனால் பாரத்தோடு நேரே வீட்டுக்கு வந்துவிடுவார். விடிந்ததும் கொண்டுபோய் இறக்குவார்.

வீட்டுக்கு வருவதிலும் ஒரு முறை இருந்தது. லைனுக்கு வருகிற ரோடு சைனைட் மேட்டை ஒட்டி வருகிறது. சுரங்கத்துக் கல்லை அரைத்து, சயனைடு விஷத்தில் கரைத்துத் தங்கம் எடுத்துக்கொண்ட பின் கொட்டிய மண்தான் அந்த மேடு. சுரங்கம் மூடி எத்தனையோ வருசம் ஆகியும் அது மட்டும் மலை மாதிரி நிற்கிறது. காற்றடித்தால் மாவாகப் பறந்து ரோடெல்லாம் படியும். லைனுக்குள்ளே பிள்ளைகள் மண்ணில் உருண்டு விளையாடுகிற இடம். ஆகவே அந்த ரோட்டில் வந்த வண்டி எதுவானாலும் சக்கரத்தைக் கழுவாமல் லைனுக்குள் வரக்கூடாது. யாரும் எழுதி ஒட்டவில்லை. பெண்கள் வைத்த சட்டம், அதை மீறி அங்கே யாரும் குடியிருந்துவிட முடியாது. லைன் முனையில் ஒரு சிமெண்டுத் தொட்டியும் இரண்டு வாளியும் அதற்காகவே இருந்தன.

சந்து குறுகல் என்பதால் ஆபிரகாம் வண்டியை ரிவர்ஸில்தான் விடுவார். வண்டியின் மூக்கு இரவெல்லாம் ரோட்டைப் பார்த்தபடியே நிற்கும். பின்சக்கரம் முனைக்கு வந்ததும் நிறுத்துவார். கை ஓய்வாக இருக்கிற பெண் யாராவது வந்து இரண்டு பக்கமும் வாளி வாளியாக வீசி அடிப்பாள். முன்சக்கரம் ரோட்டோடு நின்றுவிடுவதால் அதற்குத் தண்ணீர் கிடையாது. அந்த நேரத்தில் ஆபிரகாம் ஸ்டேரிங்கில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடி, பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பார். "ஆச்சுண்ணா" என்று குரல் வந்தால்தான் கண்ணைத் திறப்பார். எத்தனையோ வருசமாக இப்படித்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், ரயில்வே பாலத்துக்கு அடியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வண்டி அதில் நீந்தாத குறையாக வெளியே வந்தது. அந்தப் பக்கம் இளநீர்க்காரர் ஒருவர் தள்ளுவண்டியோடு ரோட்டைக் கடந்தார். ஆபிரகாம் பிரேக்கை மிதித்தார். முன்சக்கரம் பிடித்தது. பின்சக்கரம் பிடிக்கவே இல்லை. பின்னால் இருந்த பாரம் போ, போ என்று தள்ளிக்கொண்டே போனது. தள்ளுவண்டியின் ஓரத்தில் இடித்துத்தான் நின்றது. இளநீர் நாலாபக்கமும் உருண்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆண்டவர் கிருபை.

"குடிச்சிட்டு ஓட்டறியா யோவ்?" என்று இளநீர்க்காரர் கத்தினார்.

பீடிகூடப் பிடிக்காத மனுசன். மழையில் இறங்கி, உருண்ட காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

விசயம் கேள்விப்பட்டு அவருடைய மனைவி ஜெயசீலியின் தம்பி மேக்ஸ்வெல் பெங்களூரிலிருந்து வந்தான். அங்கே கார் ஷோரூமில் வேலை. எதைப் பற்றிக் கேட்டாலும் அவனிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்.

"இன்னா மாமா, பின்சக்கரத்துல இன்னும் டிரம்ம வச்சிக்கினு கீறீங்க? டிரம்முன்னா மூடுன சட்டி. உள்ள தண்ணி பூந்துடுச்சின்னா லேசுல வெளிய வராது. உள்ள அமுக்கிப் புடிக்கற பிரேக்கு ஷூ வழுக்கத்தான் செய்யும். டிஸ்க்கு போடுங்க. தொறந்த தட்டு. நனைஞ்சாலும் நாலு சுத்துல காஞ்சிரும்."

"முன்னால டிஸ்க்குதானப்பா?"

"அதான் முன்னால புடிச்சிது, பின்னால புடிக்கல. பின்னாலயும் போடுங்கன்றேன்."

அது நியாயமாகத்தான் பட்டது. மேக்ஸ்வெல்லே பெங்களூரில் அலைந்து தட்டும், தட்டைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பரும் ஒரு செட் வாங்கி அனுப்பினான். ஆபிரகாம் அதைச் சாக்கில் கட்டி ராபர்ட்சன்பேட்டையில் முனிரத்தினம் மேஸ்திரியின் ஷெட்டுக்குக் கொண்டுபோனார்.

முனிரத்தினம் பிரேக் வேலைக்குப் பேர்போனவர். சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"பின்னால எவன்பா டிஸ்க்கு போடறான் இந்த வண்டிக்கு? நான் போட்டதில்ல."

"போட முடியாதா மேஸ்திரி?"

"முடியாதுன்னு எவன் சொன்னான்? மொத தடவன்னு சொல்றேன். நீ கண்ணாலம் கட்டும்போது முன்ன பின்ன பழகிட்டா கட்டிக்கினே?"

சக்கரம் இறங்கியது. டிரம்மைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினார்கள். ஷூ, ஸ்பிரிங்கு, பின்தகடு எல்லாம் ஒரு தகர டப்பாவுக்குள் போயின. கேலிப்பரை ஆக்சிலோடு பிடிக்க ஒரு இரும்புத் தகடு வேண்டும், அதை லேத்தில் வெட்டினார்கள். முதல் தகடு கேலிப்பரை ரிம்மில் உரச விட்டது. இரண்டாவது தகடு கோணல். மூன்றாவதுதான் உட்கார்ந்தது. ஹேண்ட் பிரேக் கேபிளையும் புதுக் கேலிப்பருக்கு ஏற்றபடி வெட்டிச் சேர்த்தார். கடைசியில் ஆபிரகாமை சீட்டில் ஏற்றி, பிரேக் ஆயில் குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்கிற வேலை நடந்தது.

"அமுக்கு... புடி... விடு. யோவ், விடுன்னா விடணும். இன்னா ஜெபம் பண்றியா அதுக்குள்ள?"

வேலை முடிந்ததும் முனிரத்தினம் பின்சக்கரத்துக்குக் கற்பூரம் காட்டினார். ஆபிரகாம் தொப்பியைக் கழற்றிவிட்டு வண்டியின் மேல் கைவைத்து ஜெபித்தார். ஷெட்டில் இருந்த எல்லாருமே ஒருமுறை ஆமென் சொன்னார்கள். பிறகு காலி வண்டியை ஓட்டி, மிதித்துப் பார்த்தார்கள். நின்ற இடத்தில் நின்றது.

கொஞ்ச நாள் ஆபிரகாம் சந்தோசமாக ஓட்டினார். மழையில் வேண்டுமென்றே பாலத்தடித் தண்ணீரில் விட்டு, வெளியே வந்து மிதித்துப் பார்த்தார். பிடித்தது. அந்த இளநீர்க்காரரைத் தேடிப்போய்ச் சொல்லிவிட்டுக்கூட வந்தார். "நல்லது, இப்பவாவது போட்டியே" என்றார் அவர்.

அப்புறம்தான் அது வந்தது.

பங்காருப்பேட்டையைத் தாண்டி ஒரு இறக்கம். பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கில் கால் வைத்தார். கால் நடுங்கியது. லேசாகத்தான், பூனையைத் தடவும்போது அதன் உடம்பு துடிக்குமே, அந்த மாதிரி. காலை எடுத்தார், நின்றுவிட்டது. வைத்தார், மறுபடி நடுங்கியது. அன்றைக்கு அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மறுநாளும் வந்தது. ஒரு வாரத்தில் பூனைத் துடிப்பு போய், பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் கடகடவென்று ஏற ஆரம்பித்தது.

முனிரத்தினத்திடம் போனார். முனிரத்தினம் தானே ஏறி, காலி வண்டியைப் பஜாரில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். மாடும் ஆட்டோவும் குறுக்கே வருகிற தெருவில் வண்டி ஆமை மாதிரிதான் போக முடியும்.

"வெண்ண மாதிரி நிக்குது. இன்னா உனக்கு?"

"காலு நடுங்குது மேஸ்திரி. பிரேக்குல வச்சா மட்டும்."

"ஸ்டேரிங் ஆடுதா?"

"ஆடல."

"அப்ப டிஸ்க்கு இல்ல. டிஸ்க்கு கோணிச்சின்னா மொதல்ல ஸ்டேரிங்தான் ஆடும். இத்தினி வருசமா பாக்கறேன். ஸ்டேரிங் ஆடல, காலு மட்டும் ஆடுதுன்னா..." என்று நிறுத்தி, ஆபிரகாமின் முகத்தைப் பார்த்தார். "வயசாவுது இல்ல ஆபிரகாமு. டாக்டராண்ட காட்டு."

டாக்டர் என்றதும் ஆபிரகாமுக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. காரணம் இருந்தது. சுரங்கத்தில் வேலை பார்த்த அவருடைய அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் வலது கால்தான் ஆடியது. நாற்காலியில் உட்கார்ந்தால் தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். முதலில் கால், அப்புறம் கை, அப்புறம் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பரம்பரையாக வருமா, வராதா என்று ஆபிரகாம் யாரையும் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

வீட்டில் சொல்லாமல் டாக்டரிடம் போனார். டாக்டர் காலை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டினார்.

"எப்ப நடுங்குது?"

"பிரேக்கு போடும்போது டாக்டர்."

"நடக்கும்போது?"

"இல்லீங்க."

"மாடி ஏறும்போது?"

"எங்க வீட்ல மாடி இல்லீங்க டாக்டர்."

டாக்டர் பேனாவை எடுத்தார். சர்க்கரை பார்க்கச் சொன்னார். பார்த்தால் இல்லை. நரம்புக்கு மாத்திரை எழுதினார். மாத்திரை தின்றும் கால் நடுங்கியது. அதைவிட மோசம், இப்போது வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் ஆடுகிற மாதிரி இருந்தது. குனிந்து பார்ப்பார். ஆடுகிறதா, இல்லையா? பார்த்துக்கொண்டே இருந்தால் ஆடத்தான் செய்கிறது. பார்க்காமல் இருந்தால்? பார்க்காமல் இருந்தால் எப்படித் தெரியும்? வலது காலின் மேல் இடது காலைப் போட்டு அமுக்கிக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். சர்ச்சில் ஜெயசீலி பக்கத்தில் இருந்த பெண்கள், "உங்க வூட்டுக்காரரு இன்னா, கால்மேல கால் போட்டுக்கினு பெரிய ஆபீசர் கணக்கா உக்காந்துக்கினு கீறாரு" என்று சிரித்தார்கள்.

ஒரு நாள் இறக்கத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வலது காலை எடுத்துவிட்டு இடது காலால் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். அதுவும் நடுங்கியது. இடது காலும் போய்விட்டதே! பழக்கதோசத்தில் கையால் ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்தார், வண்டி நின்றால் போதும் என்று. கையும் நடுங்கியது. மணிக்கட்டு, முட்டி, தோள்பட்டை வரைக்கும்.

ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு, அப்பா மாதிரியேதான், அதே வரிசைதான், கால், அப்புறம் கை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன ஜெபிப்பது என்றே தெரியவில்லை. குணமாக்கும் என்று கேட்பதா? இல்லை, யார் மேலும் ஏற்றிவிடுவதற்கு முன்னால் சாவியைப் பிடுங்கிக்கொள்ளும் என்று கேட்பதா? இரண்டையும் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெயசீலியிடம், "சீலி, வண்டிய வித்துரலாம்" என்றார்.

ஜெயசீலி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "இன்னாங்க?"

"என்னால ஓட்ட முடியாது. நைனாக்கு வந்த அதே சீக்கு. காலு பூட்ச்சி. இன்னிக்கிக் கையும் பூட்ச்சி. எவனாச்சும் தாய் பெத்த புள்ள மேல ஏத்திட்டு ஜெயிலுக்குப் போறதுக்கு முன்னாடி நிறுத்திக்கறேன்."

அவள் களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "கைய நீட்டுங்க" என்றாள். நீட்டினார். ஒரு தட்டை எடுத்து அதன்மேல் வைத்து, தட்டின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தாள். இரண்டு பேரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் அசையவில்லை.

"எங்க நடுங்குது?"

"வண்டியில நடுங்குதுன்றேன்."

"அப்ப வண்டியில பாப்போம். நாளைக்கி நானும் வரேன்."

"உனக்கு இன்னா தெரியும் வண்டியப் பத்தி?"

"வண்டியப் பத்தித் தெரியாது. உங்களப் பத்தித் தெரியும்."

மறுநாள் அவளும் கோலாருக்குப் போனாள். திரும்பும்போது மூட்டைப் பாரம், பங்காருப்பேட்டை இறக்கம். ஆபிரகாம் பிரேக்கை மிதித்தார். "பாரு, நடுங்குது பாரு." ஜெயசீலி குனிந்து பார்த்தாள். நடுங்கத்தான் செய்தது. ஆனால் அவளுக்குத் தன் சீட்டும் என்னவோ செய்கிற மாதிரி இருந்தது. உரலில் மாவாட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் தரை அதிருமே, அந்த மாதிரி.

"கை எங்க நடுங்கிச்சி?"

"இதோ, இந்த ஹேண்ட் பிரேக்க இழுக்கும்போது."

"நான் இழுக்கட்டா?"

"ஐயையோ, சும்மா இரு."

"சும்மா இருக்கவா வந்தேன்? ரோட்ல ஒருத்தரும் இல்ல. எப்பிடி இழுக்கணும், சொல்லுங்க."

ஆபிரகாம் கண்ணாடியில் பின்னால் பார்த்தார், முன்னால் பார்த்தார். "நுனியில இருக்கற பட்டன அமுக்கிப் புடிச்சிக்கினே மெதுவா மேல தூக்கு. வெடுக்குனு இழுத்துறாத. நான் வுடுன்னா வுட்டுறணும்."

அவர் தன் இரண்டு காலையும் பிரேக்கிலிருந்து எடுத்துக்கொண்டார். ஜெயசீலி தூக்கினாள். அவள் கையில் இருந்த வளையல் கிலுகிலுவென்று ஆட ஆரம்பித்தது. வண்டி வேகம் குறையக் குறைய, கிலு, கிலு, கிலு என்று மெதுவாகி நின்றது.

ஜெயசீலி கையை உதறிக்கொண்டு அலறினாள். "இன்னாங்க, எனக்கும் நடுங்குது! எனக்கும் வந்துட்ச்சா?"

"உனக்கு எப்பிடி வரும்? எங்க நைனாக்கும் உனக்கும் இன்னா சம்பந்தம்?"

சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஜெயசீலி முதலில் சிரித்தாள். ஆபிரகாமுக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னொரு தடவ இழு" என்றார். இழுத்தாள். "இன்னொரு தடவ." வீடு வந்து சேருவதற்குள் அவளுக்குக் கை வலித்துவிட்டது.

விடிந்து லோடு இறக்கிய கையோடு ஷெட்டுக்குப் போய்ச் சொன்னார். முனிரத்தினம் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"ஹேண்ட் பிரேக்கு இழுத்தா வளையல் ஆடுச்சா?"

"ஆமா மேஸ்திரி."

"ஹேண்ட் பிரேக்கு பின்சக்கரத்த மட்டும்தான புடிக்கும்..." அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "பின்னால டிஸ்க்கு கோணிச்சின்னா ஸ்டேரிங்கு எதுக்கு ஆடணும்? ஸ்டேரிங்கு முன்சக்கரத்தோடதான கீது. அட என் புத்தியில... நான் போட்ட வேலைய நானே பழைய கணக்குல பாத்துக்கினு கீறேன்."

வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார்கள். ஒரு ஸ்குரூ டிரைவரின் முனை தட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற மாதிரி முட்டுக்கொடுத்து, தட்டைக் கையால் சுற்றினார். ஒரு பக்கம் முனை உரசியது. சுற்றி வந்தால் அந்தப் பக்கம் ஒரு அரிசி நுழைகிற இடைவெளி தெரிந்தது. மறுபடி உரசல், மறுபடி இடைவெளி. இரண்டு சக்கரத்திலும் அப்படித்தான். வட்டமாக இருந்த தட்டு அப்பளம் மாதிரி கோணிக்கொண்டிருந்தது.

ஆபிரகாம் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப என் காலு?"

"உன் காலுக்கு ஒண்ணுமில்லய்யா. தட்டு கோணலா சுத்துது, பிரேக்கு போட்டா பெடல எத்தி எத்தித் தள்ளுது. உன் காலு அதும்மேல கீது, ஆடுது."

"ஆனா, வூட்ல உக்காந்திருக்கும்போதும் ஆடிச்சே மேஸ்திரி. அங்க ஏது பெடலு?"

"அத உன் ஆண்டவராண்ட கேளு" என்றார் முனிரத்தினம்.

தட்டு லேத்துக்குப் போய்ச் சமமாகி வந்தது. ஆனால் முனிரத்தினத்துக்கு மனசு ஆறவில்லை. புதுத் தட்டு எப்படிக் கோணும்? முன்சக்கரத்திலும் டிஸ்க்தான், அதே ரோடு, அதே பாரம், அதே கால். எத்தனையோ வருசமாக அதற்கு ஒன்றும் ஆகவில்லை. "நீ எதோ பண்றே" என்றார் ஆபிரகாமிடம். "நான் ஒண்ணும் பண்லியே" என்றார் ஆபிரகாம். "பண்றே, உனக்கே தெரியல. நாளைக்கி நான் கூட வரேன். லோடு ஏத்தறதுலேந்து வண்டி வூட்ல நிக்கற வரைக்கும் பாக்கணும்."

வந்தார். கோலாரில் மூட்டை ஏற்றுவதைப் பார்த்தார். இறக்கத்தில் எப்படி மிதிக்கிறார் என்று பார்த்தார். பிரேக் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. ஊருக்குள் வந்ததும் ரோட்டுக்குக் குறுக்கே ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஹம்ப்ஸ் என்கிற வேகத்தடை. ஒவ்வொன்றிலும் பாரத்தோடு மிதித்து மிதித்து வர வேண்டியிருந்தது. "எல்லாம் சரியாத்தான் பண்றே" என்று முனிரத்தினம் குழப்பமாகச் சொன்னார். லைன் முனை வந்தது. ஆபிரகாம் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் விட்டு, நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஸ்டேரிங்கில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடினார்.

முனிரத்தினம் இந்தப் பக்கம் இறங்கிப் பின்னால் நடந்தார். அங்கே முதல் வீட்டு சுனிதா வாளியோடு நின்றாள். வீசினாள்.

புஸ்ஸ்ஸ் என்று சக்கரத்திலிருந்து ஆவி ஆள் உயரத்துக்கு எழும்பியது.

"ஏய்! ஏய் நிறுத்தும்மா! யம்மா, அடுத்த பக்கம் ஊத்தாத!" முனிரத்தினம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அடுத்த சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றார்.

சத்தம் கேட்டு ஆபிரகாம் நன்றியைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தார். ஆவி இன்னும் போய்க்கொண்டிருந்தது. "இது இன்னாது?" என்றார்.

"இன்னாதுன்னு என்னக் கேக்கறியா? தெனம் இப்பிடித்தான் ஊத்தறாங்களா?"

"சக்கரம் கழுவணுமே மேஸ்திரி. டிரம்மு இருந்தப்பலேந்தே..."

"டிரம்மு மூடுன சட்டிய்யா! கனமான இரும்பு! மேல ஊத்துனா அதுக்கு ஒண்ணும் தெரியாது. இது தொறந்த தட்டு. மிதிச்சி மிதிச்சி தோசக்கல்லு கணக்கா காஞ்சி வருது. அதும்மேல பச்சத் தண்ணிய ஊத்துனா கோணாம இன்னா பண்ணும்? முன்சக்கரத்துக்கு ஊத்தல, அது நல்லாக் கீது. நீ இத்தினி நாளா இந்த ஆவியப் பாக்கவே இல்லியா?"

ஆபிரகாம் விழித்தார். பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டுதானே இருந்தார்.

ஜெயசீலி வாசலிலிருந்து வந்துகொண்டே, "நான் பாத்தேனே. நானே ஊத்தியிருக்கேன். புது பிரேக்கு நல்லா வேல செய்யுது போல, அதான் பொக வருதுன்னு நெனச்சேன்" என்றாள்.

முனிரத்தினம் தலையில் கைவைத்துக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

ஆனால் சுனிதா வாளியைக் கீழே வைக்கவில்லை. அவளுடைய சின்ன மகளுக்கு வீசிங், மூச்சு இழுப்பு உண்டு. "உங்க பிரேக்கு கோணுதுன்னு எங்க புள்ளைங்க சைனைட் மண்ணத் திங்கணுமாண்ணா? கழுவாம உள்ள வந்தீங்கன்னா பாருங்க."

"வரமாட்டேம்மா. நான் எப்பிடி வருவேன்?" ஆபிரகாம் மேஸ்திரியைப் பார்த்தார், சுனிதாவைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் சுனிதாதான், "ஆறுனப்பறம் ஊத்துனா?" என்று கேட்டாள்.

"ஊத்தலாமே" என்றார் முனிரத்தினம். "ஆறுனா குளிப்பாட்டிக்கூட வுடு."

அப்படித்தான் முடிவானது. இப்போது வண்டி முனைக்கு வெளியே ரோட்டோரத்தில் சும்மா நிற்கும். ஆபிரகாம் பக்கத்தில் நின்று டீ குடிப்பார். சுனிதா வந்து, காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி ரிம்மைத் தொட்டுப் பார்ப்பாள். "இன்னும் சுடுதுண்ணா" என்று போய்விடுவாள். மறுபடி வந்து தொடுவாள். அவள் சரி என்றால்தான் ரிவர்ஸ். ஆவி எழும்பிய அன்றைக்குச் சுனிதாவின் வாளித் தண்ணீர் விழுந்த சக்கரத்தை முனிரத்தினம் மறுபடி கழற்றிப் பார்த்தார், கோணவில்லை. ஒரு நாள் தண்ணீருக்குக் கோணாது போல என்றார். அதுவும் நிச்சயமாகச் சொல்லவில்லை.

வண்டியை விற்கிற பேச்சு நின்றது. மாத்திரையும் நின்றது. ஆனால் ஆபிரகாமுக்குத் தன் கால்மேல் நம்பிக்கை உடனே வந்துவிடவில்லை. அடுத்த நாள் பாரத்தோடு அதே இறக்கத்தில் வந்தார். மிதித்தார், வழுவழுவென்று நின்றது. நம்பாமல் கொஞ்சம் ஓட்டி மறுபடி மிதித்தார். நின்றது. இடது காலால் மிதித்தார். நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்தார். அதிலும் ஒன்றுமில்லை. அப்படியானால் வீட்டில் ஆடியது என்ன? பயமா? பயத்தால் கால் ஆடுமா? ஆடிய கால் இனிமேல் ஆடாதா? ஒன்றும் விளங்காமல் இன்னொரு முறை மிதித்தார்.

பின்னால் பைக்கில் வந்த பையன் கிரீச்சென்று நிறுத்தி, பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டி, கன்னடம் கலந்த தமிழில் கத்தினான்.

"ஏனு அங்கிள், வண்டிய ஓட்டறீங்களா, பிரேக்க ஓட்டறீங்களா? அஞ்சு வாட்டி நிறுத்திட்டீங்க. பின்னால வர்றவன் சாவணுமா?"

"மன்னிச்சிக்கோ தம்பி" என்றார் ஆபிரகாம். முகமெல்லாம் சிரிப்பு. "நிக்குது தம்பி. அதான் பாத்தேன். நீ முன்னால போ, நான் மெதுவா வரேன்."